தொடக்க மீதி

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கோயிற் பூசை முடிந்து லாச்சப்பலில் நடந்து வந்துகொண்டிருந்தோம். பதின்மூன்று வயது மகள் திடீரெனக் கேட்டாள்: "அப்பா, பள்ளிக்கூடத்தில கைத்தொழிற் புரட்சி படிப்பிக்கினம். மெஷின் எல்லாம் வெள்ளைக்காரர்தான் கண்டுபிடிச்சவையாம். எங்கட ஆக்களுக்கு மூளை குறைவோ?"

இக்கேள்விக்கு எம்மவரிடம் மூன்று விடைகள் எப்போதும் தயார். "வெள்ளைக்காரன் கொள்ளையடித்தான்" என்பார் சிலர். "நாங்கள் சோம்பேறிகள்" என்பார் வேறு சிலர். "எல்லாம் தலைவிதி" என்பார் மற்றோர். முதலாவது பிள்ளையின் மனதில் கோபத்தை வளர்க்கும். இரண்டாவது தாழ்வு மனப்பான்மையை வளர்க்கும். மூன்றாவது கேள்வியையே மூடிவிடும். உண்மை எது என்று ஆற அமரச் சிந்திக்க வேண்டாமா?

அவ்வேளை நாங்கள் நின்றது பிலிப் து ஜிரார் வீதியில். எம்மவர் தினமும் நடக்கும் அவ்வீதியின் பெயரே பாதி விடையைச் சொல்கிறது. ஆளிச் செடியின் நாரை இயந்திரத்தால் நூற்கும் வழி காண்பவருக்குப் பத்து இலட்சம் பிராங் பரிசு என 1810 இல் நெப்போலியன் அறிவித்தான். அதே ஆண்டில் வழி கண்டவர் ஜிரார். ஆனால் பரிசு அவர் கைக்கு வரவேயில்லை. அவர் கடனாளியானார். அவரது முறையைக் கூட்டாளிகள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் விற்றார்கள். நிலக்கரியும் முதலும் சந்தையும் ஒருங்கே இருந்த அந்நாட்டின் ஆலைகள் இலாபம் கண்டன. ஜிராரோ ஒஸ்திரியாவுக்கும் போலந்துக்கும் பிழைப்புத் தேடிப் போனார். போலந்தில் ஓர் ஆலை நகரம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் 1845 இல் பாரிஸில் காலமானார். மூளை மட்டும் செல்வமாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நெப்போலியன் பரிசு அறிவித்தது இங்கிலாந்தின் பருத்தித் துணியை வெல்ல. இங்கிலாந்து பருத்தியில் இறங்கியது இந்தியத் துணியை வெல்ல. சோழமண்டலக் கரையின் சாயத் துணிகளில் ஐரோப்பா மயங்கிக் கிடந்த காலம் அது. அதனால் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அச்சிட்ட பருத்தித் துணியைத் தடை செய்தது. இங்கிலாந்து 1721 இல் அதை உடுப்பதையே தடுத்தது. இதற்கிடையில், 1742 இல், கேர்தூ என்ற பாதிரியார் அங்கிருந்து எம்மவரின் சாயமிடும் முறையை எழுதி அனுப்பினார். தடை நீங்கிய மறு ஆண்டே வெர்சாய்க்கு அருகில் ஜூயி என்ற ஊரில் ஒபேர்காம்ப் தமது ஆலையைத் தொடங்கினார். கதவைச் சாத்தினார்கள், தொழிலைக் கற்றார்கள், பிறகு திறந்தார்கள்.

எங்கள் கதவின் சாவி எங்களிடம் இருக்கவில்லை. இந்தியாவில் இறக்குமதித் துணிக்கான தீர்வை 1882 இல் நீக்கப்பட்டது. பின்னர் அதை மீண்டும் விதித்தபோது, 1896 இல், இந்திய ஆலைத் துணிக்கும் அதே 3.5 வீத வரி போட்டார்கள். இலங்கை சுதந்திரம் அடைந்த பின் 1950 இல் இயங்கத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, 1990 இல் போரினால் நின்றது. சுண்ணக்கல் அதே நிலத்தில்தான் கிடந்தது. அமைதிதான் இல்லை.

அப்படியானால் முதலாவது விடைதானே சரி என்று அன்பர்கள் கேட்கலாம். பேரேட்டில் இரு பக்கமும் எழுத வேண்டும். இந்நாட்டு ஏழைகளின் குழந்தைகளும் ஆலைகளில் தேய்ந்தார்கள். எட்டு வயது நிறையாதோரைப் பெரிய ஆலைகளில் வைக்கலாகாதென்ற சட்டம் 1841 இல்தான் வந்தது. எங்கள் பக்கமும் சுத்தமில்லை. சிவப்புச் சாயத்துக்கான சாயவேரை ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கட்டாய ஊழியமாகக் கிண்டிக் கொடுத்தவர்கள், நாங்கள் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்த மக்கள். அவர்களுக்கு நாங்கள் என்ன கல்வி கொடுத்தோம்? என்ன காணி கொடுத்தோம்? எமக்குச் சாத்தப்பட்ட கதவை நாங்கள் அவர்களுக்குச் சாத்தினோம்.

என் கதையையும் சொல்கிறேன். யாழ் பல்கலைக்கழகத்தில் வணிகமாணிப் பட்டம் பெற்ற நான் இங்கு வந்து ஆறு வருடம் கோப்பை கழுவினேன். நண்பர் ஒருவர் தம் சீட்டுக்காசை எடுத்துத் தந்ததால் இரவு வகுப்புக்குப் போய் மீண்டும் கணக்காளன் ஆனேன். அதே சமையலறையில் என்னருகே நின்ற மாலி நாட்டுத் தோழர் என்னிலும் கெட்டிக்காரர். அவருக்கு விழுந்த சீட்டுக்காசு ஊரில் தாயாரின் வைத்தியத்துக்குப் போயிற்று. அவர் இன்றும் அதே தொட்டியடியில் நிற்கிறார்.

கணக்கில் தொடக்க மீதி என்று ஒன்றுண்டு. ஆண்டின் முதல் நாளில் ஏட்டில் எழுதும் தொகை அது. அது இந்த ஆண்டின் உழைப்பல்ல. முன்னைய ஆண்டுகளிலிருந்து வந்தது. அதில் சேமிப்பும் உண்டு, பறித்ததும் உண்டு, பிறர் பட்ட பாடும் உண்டு. நாடுகளுக்கும் அப்படித்தான். ஆகவே மகளிடம் சொன்னேன்: "மூளை குறைவில்லை, பிள்ளை. தொடக்க மீதிதான் வேறை. அதை வைச்சு அவையள் பெருமைப்படவும் ஒண்டுமில்லை, நாங்கள் வெட்கப்படவும் ஒண்டுமில்லை."

அவள் விடவில்லை. "அப்ப இப்ப எங்களிட்ட இருக்கிற மீதியை என்ன செய்யிறது?"

அதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. இன்று ஒன்று தோன்றுகிறது. ஊரில் வீடு கட்டுகிறோம், திருவிழாச் செய்கிறோம், நல்லதே. அத்துடன், எமக்கு உறவோ சாதியோ அல்லாத ஒரு பிள்ளையின் தொழிற்கல்விக்கு வீட்டுக்கொருவர் பொறுப்பேற்றால், அப்பிள்ளையின் ஏட்டில் முதல் வரி வெறுமையாய் இராது. எம் அடுத்த சந்ததி எங்கள் கணக்கைத் திறந்து பார்க்கும் நாளில், அந்த வரியை முதலில் தேடும்.