யார் கையில் கொடுப்பது?

மலிவாகக் கிடைக்கும் பொருளைக் கண்டால் மனிதனுக்கு இரண்டு எண்ணங்கள் ஒரே சமயத்தில் எழுகின்றன. ஒன்று, 'விட்டுவிடக் கூடாது' என்ற ஆசை. மற்றொன்று, 'இதில் என்ன குறையோ?' என்ற சந்தேகம். திருப்பூர் வட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் சற்று அதிகமாகவே உண்டு. காதர்பேட்டைக் கடைகளில் மலிவு பனியன் வாங்கப் போகிறவர் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். எங்கோ ஓர் இழை விட்டிருக்கும். எங்கோ எண்ணெய்க் கறை பட்டிருக்கும். குறை தெரிந்துவிட்டால் மனம் நிம்மதியடைகிறது. விலை குறைந்ததற்கு நியாயம் கிடைத்துவிட்டதல்லவா?

கொமரலிங்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் சென்ற கோடை விடுமுறையில் இந்தச் சந்தேகத்தோடு என்னிடம் வந்தார். நூல் மில்லில் வேலை பார்ப்பவர். வீட்டில் ஒரு பெண், ஒரு பையன், பெண் மூத்தவள். பழைய பிளே ஸ்டேஷன் ஒன்றை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். 'இம்மார்ட்டல்ஸ் ஃபீனிக்ஸ் ரைசிங்' என்ற விளையாட்டு இப்போது நாலில் ஒரு பங்கு விலைக்கு வந்திருக்கிறதாம்.

"நல்ல சரக்கா இருந்தா எதுக்குங்க இவ்வளவு குறைச்சுக் குடுக்கறான்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. பனியனுக்கு நூல் வேண்டும், சாயம் வேண்டும், தைக்கிற கை வேண்டும். ஒவ்வொரு பனியனுக்கும் தனித்தனியே வேண்டும். விடியோ விளையாட்டுக்கோ முதல் பிரதியைச் செய்து முடிக்கிற வரையில்தான் பெருஞ்செலவு. அப்புறம் இறக்கிக்கொள்ளும் பிரதிகள் பத்தானால் என்ன, பத்து லட்சமானால் என்ன? முழு விலை கொடுக்கக் கூடியவர்கள் முதலில் வாங்கிவிடுகிறார்கள். பிறகு பாதி விலைக்காரர்கள், அதற்குப் பிறகு கால் விலைக்காரர்கள். 2020 டிசம்பரில் வெளிவந்த விளையாட்டு, வரிசையின் கடைசியில் நின்றவர்களைத் தேடி இப்போது வருகிறது. இழை எதுவும் விட்டுப் போகவில்லை. "வாங்குங்கள்" என்றேன்.

விளையாட்டும் சுவையானதுதான். கிரேக்கப் புராணத்தை வைத்துச் செய்தது. டைஃபன் என்ற அசுரன் தேவர்களைத் தோற்கடித்துவிடுகிறான், மனிதர்கள் கல்லாகிவிடுகிறார்கள். நம் புராணங்களில் சூதர் முனிவர்களுக்குக் கதை சொல்வதுபோல, பிரமீத்தியஸ் என்பவன் ஜீயஸ் தேவனுக்கு இந்தக் கதையைச் சொல்கிறான். இதைத் 'திறந்த உலகம்' என்று வகைப்படுத்துகிறார்கள். இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற மலையில் ஏறலாம். உச்சியிலிருந்து சிறகை விரித்துக் குதிக்கலாம். கதாநாயகன் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம், ஆடுகிறவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு சமயத்தில் ஒருவர்தான் ஆட முடியும். நான் எழுத நினைத்த பிரச்னை இங்கேதான் தொடங்குகிறது.

'வீட்டுக்கு' என்று நாம் எத்தனையோ பொருள்களை வாங்குகிறோம். வீட்டுக்கு ஒரு சைக்கிள். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர். வீடு என்பது சைக்கிள் மிதிக்குமா? மிதிக்கிறவன் யாரோ ஒருவன். அவன் பெரும்பாலும் அந்த வீட்டுப் பையனாகவே இருக்கிறான். யாரும் உத்தரவு போடுவதில்லை. அநியாயம் என்று யாருக்கும் தோன்றுவதுமில்லை. பள்ளத்தை நோக்கித் தண்ணீர் ஓடுவதுபோல் அது தானே அவன் கைக்குப் போய்ச் சேருகிறது.

இரண்டு வாரம் கழித்து நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தபோது, பிள்ளைகள் ஆடுகிறார்களா என்று விசாரித்தேன்.

"தம்பிதானுங்க ஆடறான். பாப்பா பக்கத்துல உக்காந்து பார்த்துக்குவா" என்றார்.

அவருடைய பெண் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல், "மலையேறுறதுக்கு வழியெல்லாம் நாந்தானுங்க மாமா சொல்றேன்" என்றாள்.

வழியைக் கண்டுபிடிப்பவள் அவள். கண்ட்ரோலர் தம்பியின் கையில்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் திரைக்கு முன்னால் முடங்கிவிட்டார்கள், ஆற்றங்கரையில் திரிந்த காலம் போய்விட்டது என்று நம்மில் பலர் வருத்தப்படுகிறோம். கொமரலிங்கத்துப் பெரியவர்களும் அமராவதியில் நீச்சலடித்ததையும், ராஜவாய்க்காலில் குதித்ததையும் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். சொல்கிறவர்கள் எல்லாரும் ஆண்கள் என்பதைக் கவனித்தீர்களா? அவர்களோடு பிறந்த அக்காமாரைக் கேட்டால், ஆற்றுக்குத் துணி துவைக்கப் போன கதையைத்தான் சொல்வார்கள். திரிவதற்கு ஊர் திறந்திருந்தது உண்மை. எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதும் உண்மை. பையன் திரும்பி வந்த பிறகு, "எங்கடா போயிருந்தே?" என்று கேட்டார்கள். பெண்ணைப் புறப்படுவதற்கு முன்பே கேட்டார்கள்.

ஆற்றின் மேற்பக்கம் அமராவதி நகரில் 1962-இல் சைனிக் பள்ளி தொடங்கியது. நாட்டிலுள்ள சைனிக் பள்ளிகள் எல்லாவற்றிலும் பெண் பிள்ளைகளைச் சேர்ப்பது என்று ஏற்பட்டது 2021-22 கல்வியாண்டிலிருந்துதான். மலையும் அணையும் அங்கேயேதான் இருந்தன. அனுமதி வருவதற்கு ஏறக்குறைய அறுபது வருஷம் ஆயிற்று.

அனுமதி என்ற சொல்லைச் சும்மா சொல்லவில்லை. இப்படி இறக்கிக்கொள்ளும் விளையாட்டை நாம் 'வாங்கினோம்' என்று சொன்னாலும், நமக்குக் கிடைப்பது பொருள் அல்ல. ஆடிக்கொள்ளலாம் என்ற அனுமதி மட்டுமே. இதே யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார் விளையாட்டு 2024 மார்ச் 31-இல் நிறுத்தப்பட்டது. காசு கொடுத்தவர்களும் அதற்குப் பிறகு ஆட முடியவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டமே செய்துவிட்டது. 2025 ஜனவரி 1 முதல், அனுமதியை விற்கிறவன் அதை அனுமதி என்றே வாங்குகிறவனுக்குத் தெரிவிக்க வேண்டும். 'வாங்கு' என்று சொல்லி ஏமாற்றக் கூடாது.

நம் வீடுகளில் இப்படி ஒரு சட்டம் இருந்தால் எப்படி இருக்கும்? "உனக்கு எல்லாச் சுதந்திரமும் கொடுத்திருக்கிறேன்" என்று பெண்ணிடம் சொல்கிற தகப்பனார், அது திரும்ப வாங்கிக்கொள்ளக் கூடிய அனுமதிதான் என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும். எத்தனை தகப்பனார்களால் அதை வாய் கூசாமல் சொல்ல முடியும்?

நீங்கள் ஒன்று கேட்கலாம்: "அப்படியானால் பெண்ணின் கையில் கண்ட்ரோலரைக் கொடுத்துவிட்டால் போதுமா? பொய் மலையில் ஏறினால் சுதந்திரம் வந்துவிடுமா?" வராது. இன்னும் சொல்லப் போனால், அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 'அவளுக்கும் ஒரு மலை வாங்கிக் கொடுத்தாயிற்று' என்று தகப்பனின் மனச்சாட்சி மலிவு விலையில் தூங்கிவிடக் கூடும். ஆனாலும் பொய் மலையைக் கூடத் தராத வீடு நிஜ மலையைத் தரப் போகிறதா? விளையாட்டில் தவறி விழுந்தால் மறுபடி எழுந்துகொள்ளலாம். இழப்பு எதுவும் இல்லை. இழப்பே இல்லாத இடத்தில்கூட அவள் முறை வரவில்லையென்றால், அவளுடைய பாதுகாப்புக்காகத்தான் கட்டுப்பாடு என்று நாம் சொல்லிவந்த காரணம் என்ன ஆகிறது?

தள்ளுபடி என்ற சொல்லுக்குக் கடையில் ஒரு பொருள், கோர்ட்டில் வேறு பொருள். மனு தள்ளுபடி என்றால் கேட்டது மறுக்கப்பட்டது என்று அர்த்தம். பல வீடுகளில் இரண்டு தள்ளுபடிகளும் ஒரே கூடத்தில் நடக்கின்றன.

நண்பரிடம் நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. "ராத்திரி ஒரு மணி நேரம் பாப்பா ஆடட்டும்; தேங்காயைத் தம்பி துருவட்டும்" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். பையன் சிரிக்கவில்லை. பெண் துருவுவதை நிறுத்திவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.