காணாத நோவு



உடம்பெல்லாம் தசை நோவு, காலையில் எழவொட்டாத விறைப்பு. இரத்தப் பரிசோதனையிலோ குறையொன்றும் காணோம். உடனே, "சோம்பல், மனப்பிரமை" என்று தீர்ப்பிட்டுவிடுகிறோம். இது நியாயமா?

ஃபைப்ரோமயால்ஜியா என்னும் நோய் சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரியாது. 1990-ல் அமெரிக்க வாதநோய் வைத்தியர் சங்கம், பரவலான நோவோடு, அழுத்திப் பார்க்கும் 18 இடங்களில் 11-லாவது வலியிருக்க வேண்டுமென்றது. 2010-ல் அவ்விதியை விட்டு, நோவையும் களைப்பையும் தூக்கத்தின் குறையையும் நோயாளியிடமே கேட்டறியச் சொன்னது. வைத்திய சாஸ்திரமே அவர் சொல்லைச் சாட்சியாக ஏற்கிறது, நாம் மறுக்கலாமா?

பரிசோதனையில் காணாததை இல்லையென்பது தவறு. அதைக்கொண்டு ஒருவரைப் பொய்யரென்பது அநீதி. நம்புவதென்றால் ஆராயாமல் விடுவதன்று: தைராய்டு குறைவும் இத்தகைய நோவைத் தரும், அதற்கு மருந்துண்டு. ஆகையால் நோயாளியைத் தனியே அனுப்பாமல், வைத்தியரிடம் நீங்களும் கூடச் செல்லுங்கள். நோய்க்குப் பெயர் கிடைக்குமட்டும் அவரை நம்புவது நம் கடமை.