கை தூக்குவதும் கொட்டை போடுவதும்

போன வருஷம் எங்க காலனிப் பையன்கள் தங்கள் செல்போன் குழுவில் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஊர்த்தெரு வழியாக நம் பிணத்தைக் கொண்டுபோக விடமாட்டேன் என்கிறார்களே, கலெக்டரிடம் மனு கொடுக்கலாமா, வேண்டாமா? இரண்டே பதில். விரலால் தொட்டால் போதும், தொட்டவர் பெயரும் பதிலோடு சேர்ந்து வரும். முப்பத்தோரு பேர் 'கொடுக்கலாம்'. நாலு பேர் 'வேண்டாம்'.

அன்று சாயங்காலமே அந்தப் பட்டியல் படமாக ஊர்த்தெருப் போனில் இருந்தது. மறுநாள் காலை, டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த பையனை 'இனிமே வர வேணாம்' என்றார்கள். பால் ஊற்றும் ஓர் அக்காவுக்குப் பழைய கடன் ஞாபகப்படுத்தப்பட்டது. நாம் மனுவை எழுதி முடிப்பதற்குள் அவர்கள் கணக்கை எழுதி முடித்துவிட்டார்கள்.

பையன்கள் ரெண்டு கட்சியாகப் பிரிந்து என்னிடம் வந்தார்கள். 'அடுத்த தடவ பேரு தெரியாம வெக்கணும்ணே' என்றான் ஒருத்தன். 'பேர மறைச்சிக்கிட்டுப் பண்றதுக்குப் பேரு போராட்டமா? பயந்தவன் ஓட்டு எதுக்கு நமக்கு?' என்றான் இன்னொருத்தன். அந்த ரெண்டாமவனைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, குற்றவுணர்வும் வந்தது. அது நான் பேசிய பேச்சு.

அம்பேத்கர் நூற்றாண்டு முடிந்த சூடு ஆறாத நேரம். காலேஜில் படித்துக்கொண்டிருந்த நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து சங்கம் ஆரம்பித்திருந்தோம். ஊர்ச் சாவுக்கு இனி மோளம் அடிப்பதில்லை என்று தீர்மானம். வேப்பமரத்தடியில் காலனியே கூடியிருந்தது. பெரியப்பா முறை ஆகும் ஒருவர், 'சீட்டு எழுதிப் போட்டுப் பாக்கலாம்பா. அவங்கவங்க மனசுல இன்னா இருக்குதுன்னு தெரியும்' என்றார். நான் எழுந்து, 'மானமுள்ளவன் கையத் தூக்கட்டும்' என்றேன். ஒரு கை பாக்கியில்லை. பெரியப்பா கையும் தூக்கினார். கூட்டம் கைதட்டியது. வரலாறு படைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அன்றைக்கு ராத்திரி நாங்கள் தூங்கவில்லை.

நாற்பது நாள்கூட ஆகவில்லை, ஊரில் ஒரு பெரிய வீட்டுச் சாவு. விடியற்காலையில் பெரியப்பா மோளத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சங்கம் அவரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டது. அபராதம் போட்டோம். அவர் தலையைக் குனிந்தபடி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: 'அன்னிக்குக் கையத் தூக்கலன்னா நீங்க வுட்டிருப்பீங்களா? இன்னிக்குப் போகலன்னா அவன் வுடுவானா?'

இந்தக் கேள்விக்கு முப்பது வருஷமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு நாங்கள் எண்ணியது விருப்பத்தை அல்ல, பயத்தை. ஊர் மேல் இருந்த பயத்தோடு எங்கள் மேல் இருந்த பயம் மோதியதில், அந்த ஒரு நிமிஷம் எங்கள் பயம் ஜெயித்தது. அவ்வளவுதான். சீட்டுப் போட்டிருந்தால் எத்தனை பேர் முடியாத நிலையில் இருக்கிறார்கள், யாருக்கெல்லாம் கடன் கழுத்தில் கிடக்கிறது என்பதாவது புரிந்திருக்கும். அந்தக் கடனை அடைக்க வழி பார்த்துவிட்டுத் தீர்மானம் போட்டிருக்கலாம். எல்லாக் கையும் ஒன்றாக எழும்பியதில் நமக்கு உண்மை தெரியாமல் போய்விட்டது.

அடுத்த வருஷம் சங்கப் பணத்தில் திருவிழாவா, ராப்பள்ளிக்கூடமா என்று பேச்சு வந்தது. கை தூக்கச் சொன்னதும் திருவிழாதான் ஜெயித்தது. பெண்கள் விடவில்லை. 'ஆம்பள பக்கத்துல நிக்கும்போது நாங்க எப்படிக் கையத் தூக்கறது? கொடத்துல போடறோம்' என்றார்கள். எழுதத் தெரியாதவர்களுக்காகத் திருவிழாவுக்குக் கூழாங்கல், பள்ளிக்கூடத்துக்குப் புளியங்கொட்டை. குடத்தைக் கவிழ்த்தால் கொட்டைதான் அதிகம். அந்தக் கொட்டைகளில் எது யாருடையது என்று இன்றுவரை எவனுக்கும் தெரியாது.

குடம் என்றதும் உத்திரமேரூர் குடவோலையைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் வருவார்கள். அது ஓட்டல்ல, குலுக்கல். நிலமும் வேதப் படிப்பும் உள்ளவன் பெயர்தான் அந்தக் குடத்துக்குள் போனது. நம் வீட்டுக் குடம் வேறு.

பெயர் தெரிய ஓட்டுப் போட வேண்டும் என்பதற்குப் பெரிய தத்துவமே இருக்கிறது. இங்கிலாந்தின் ஜான் ஸ்டூவர்ட் மில் 1861இல் எழுதினார்: ஓட்டு ஒருவனின் சொந்தச் சொத்தல்ல, பொதுமக்கள் அவனிடம் ஒப்படைத்த பொறுப்பு. ஆகவே பொதுமக்கள் கண்முன்னே செலுத்து, செய்ததற்குப் பதில் சொல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிலப்பிரபு மிரட்டுவதெல்லாம் குறைந்துவிட்டது, இனி வாக்காளனின் சொந்த சுயநலம்தான் பெரிய ஆபத்து என்றும் அவர் நினைத்தார். குத்தகை நிலத்தில் குடியிருந்தவன் அப்படி நினைக்கவில்லை. 1838இலேயே சாசன இயக்கத் தொழிலாளர்கள் வைத்த ஆறு கோரிக்கைகளில் ரகசிய வாக்கு ஒன்று. 1856இல் ஆஸ்திரேலியக் காலனிகள் அதைச் சட்டமாக்கின. இங்கிலாந்துக்கு அது வர 1872 ஆயிற்று. மில் சொன்னது தவறு என்று நான் சொல்லவில்லை. அவர் சொன்ன மனிதன் யார் என்றுதான் கேட்கிறேன். யார் தயவும் இல்லாமல் அடுப்பெரிகிறவனுக்கு அது சரி. நாளைக் காலைக் கூலிக்கு இன்னொருத்தன் வாசலில் நிற்க வேண்டியவனிடம் 'தைரியமாக் காட்டு' என்று சொல்வது, அவன் செலவில் நாம் வாங்கும் தைரியம்.

நம் நாட்டுச் சட்டத்துக்கு இது தெரியும். ஆனாலும் மறைப்பில் ஓட்டைகள் உண்டு. எவருக்கும் ஓட்டில்லை என்று சொல்ல விரும்பியவர் 49-ஓ விதிப்படி அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லி, பதிவேட்டில் எழுத வைத்துக் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டியிருந்தது. கட்சி ஏஜெண்டுகள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். 2013இல் உச்சநீதிமன்றம் இது ரகசியத்தை உடைக்கிறது என்று சொன்ன பிறகுதான் நோட்டா பொத்தான் வந்தது.

இன்னொரு ஓட்டை இன்றைக்கும் அடைபடவில்லை. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரம் வந்ததும் ஒவ்வொரு சாவடி ஓட்டும் தனித்தனியாக வெளியாகிறது. காலனிக்கென்று தனிச் சாவடி இருந்தால் என்னவாகும்? தனி ஆள் மறைந்துகொள்வான், சேரி அம்மணமாக நிற்கும். 'ஒங்க பூத்துல எனக்கு இருபது ஓட்டுதான்' என்று ஜெயித்தவன் சொன்னால், குழாயில் தண்ணி வராததற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. பதினாலு இயந்திரங்கள் வரை இணைத்து மொத்தமாக எண்ணும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்வைத்தது. 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. ஆட்சியாளர்கள் ஏற்கவில்லை. எந்தச் சேரி தனக்குப் போடவில்லை என்று தெரிந்துகொள்ளும் ஆசை எல்லாக் கட்சிக்கும் பொதுச்சொத்து.

மேலே இருப்பவர்கள் விஷயத்தில் கதை தலைகீழ். அவர்களுக்கு இருட்டு வேண்டும். தேர்தல் பத்திரத் திட்டத்தில் கட்சிகளுக்குப் பணம் கொடுத்தவர் யாரென்று மக்களுக்குத் தெரியாது. நன்கொடையாளரின் அந்தரங்கம் என்று அரசுத் தரப்பு வாதாடியது. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவித்துப் பெயர்களை வெளியிடச் சொன்னது. மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ. தன் ஓட்டைத் தன் கட்சி ஏஜெண்டிடம் காட்ட வேண்டும் என்று 2003இல் சட்டம் திருத்தப்பட்டது. அதுகூட மக்களிடம் காட்டுவதல்ல, கட்சியிடம் காட்டுவது.

ஆக, 'பெயர் வேண்டுமா, வேண்டாமா' என்ற கேள்வியே பாதிக் கேள்வி. யாருடைய பெயர், யார் கையில் போய்ச் சேரும் என்பது மீதிப் பாதி. தன் முடிவால் அடுத்தவன் வாழ்க்கையை ஆள்கிறவன் பெயரோடு நிற்கட்டும். தன் முடிவுக்காக அடுத்தவனிடம் அடி வாங்கக் கூடியவனுக்குத் திரை வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே விதி வைப்பது சமத்துவம் போலத் தெரியும், ஆனால் அது பலசாலிக்கு வைத்த விதி.

அப்படியானால் நம் எழுத்து, நம் சாட்சியம் எல்லாம் பெயரோடு வருகிறதே என்று கேட்கலாம். அது வேறு, இது வேறு. சாட்சியத்தின் எடை சொல்கிறவன் யார் என்பதில் இருக்கிறது. ஓட்டின் எடை அப்படியல்ல. யார் போட்டாலும் ஒன்று ஒன்றுதான், அதனால் அதற்குப் பெயர் தேவையில்லை. சாட்சி சொல்ல முன்வருகிறவன் தானாக வருகிறான். அவனைப் பார்த்து மற்றவர்களையும் இழுத்து வந்து நிறுத்த நமக்கு உரிமையில்லை.

ஆனால் திரையை மட்டும் நம்பியும் பிரயோஜனமில்லை. திரை விரலைத்தான் மறைக்கும். வேட்பாளரை மறைக்காது. மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டன. அதையும் தாண்டித் தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் தேர்தல் ஒழுங்காக நடந்து முடிய 2006 ஆயிற்று. ஓட்டுப் போடுகிறவன் மறைந்திருக்கலாம், யாராவது ஒருத்தர் பெயரோடு நின்றுதான் ஆக வேண்டும். மறைந்து போடும் ஓட்டுக்கு ஒரு கடமை உண்டென்றால், பெயரோடு நிற்பவரைத் தனியாக விடாமல் இருப்பதுதான்.

பையன்களிடம் இதையெல்லாம் நான் இப்படிக் கோர்வையாகச் சொல்லவில்லை. 'முடிவெடுக்கறது கொடத்துல நடக்கட்டும். மனுவுல கையெழுத்து, முடிஞ்சவங்க போடட்டும். மொதல் கையெழுத்து என்னுது' என்றேன். எனக்குப் பென்ஷன் வருகிறது. ஊரில் யாரிடமும் எனக்குக் கடனில்லை. அது வீரமல்ல, வசதி. வசதி உள்ளவன் முதலில் போட வேண்டியதுதானே.

டிராக்டர் பையன் பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். பிறகு பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டான். நாங்கள் யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை.