நாணயத்திற்கும் நாணயம் வேண்டும்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொல் தவறாத நேர்மையும் நாணயம். புதியதொரு காசை ஏற்குமாறு பிறரைத் தூண்டுவோர்க்கு எத்தகைய நேர்மை வேண்டும் என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

2009ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய பிட்காயின் என்னும் மின்னிலக்க நாணயம், வங்கியின் இடையீடின்றி ஒருவர் மற்றொருவர்க்குப் பணம் அனுப்ப வழி செய்தது. தன் பொருளைத் தானே ஆளும் உரிமையே அதன் உயிர்நாடி என்பர் அதன் ஆதரவாளர். மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சால்வடோர் நாட்டில், எல் சோன்டே என்னும் கடலோரச் சிற்றூரில், 2019 முதல் சிலர் இதனைப் பழக்கத்திற்குக் கொணர்ந்தனர். வங்கிக் கணக்கில்லாதோரும், கடல் கடந்த உறவினர் அனுப்பும் பணத்தை நம்பியிருப்போரும் மிகுந்த நாடு அது. அச்சிற்றூரில் விரும்பிய கடைக்காரர் ஏற்றனர். விரும்பாதோர் விலகி நின்றனர்.

2021 செப்டம்பர் 7ஆம் நாள் நிலைமை மாறிற்று. பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணமாக்கிய முதல் நாடாயிற்று எல் சால்வடோர். வாங்குவோர் அதனைக் கொடுத்தால் விற்போர் ஏற்றே ஆகவேண்டும் என்றது அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு. அரசின் 'சிவோ' செயலியில் பதிந்துகொண்டோர்க்கு 30 அமெரிக்க வெள்ளி பெறுமான பிட்காயினும் வழங்கப்பட்டது.

புதுமையை ஏற்க மக்கள் தயங்குவர். தொடக்கத்தில் ஓர் உந்துதல் தேவை என்று இதற்கு நியாயம் கூறுவோர் உளர். பெற்றதை உடனே வெள்ளியாக மாற்றிக்கொள்ள வழியிருந்தது, தொழில்நுட்ப வசதியற்றோர்க்கு விதிவிலக்கும் இருந்தது என்றும் அவர்கள் சுட்டுவர். உண்மைதான். ஆயினும், 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 வெள்ளியாக இருந்த ஒரு பிட்காயினின் விலை, ஓராண்டிற்குள் 17,000 வெள்ளிக்கும் கீழே சரிந்தது. இத்தகைய ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதா என்று முடிவு செய்யும் உரிமை, அதன் சுமையைத் தாங்குவோர்க்கே உரியதன்றோ? விடுதலையின் பெயரால் வந்த ஒன்றைக் கட்டாயத்தால் பரப்பினால், அது தன் அறத்தையே இழந்துவிடுகிறது. பன்னாட்டுப் பண நிதியத்துடன் செய்துகொண்ட கடன் உடன்பாட்டை ஒட்டி, 2025 சனவரியில் அந்நாடு சட்டத்தைத் திருத்தி, ஏற்பதை அவரவர் விருப்பத்திற்கே விட்டது.

அரசுக்குப் பொருந்தும் இவ்வறம் தனிமனிதர்க்கும் பொருந்தும். மாணவன் தோழனிடமும் மருமகன் மாமனிடமும் இந்நாணயத்தைப் பரிந்துரைக்கும் காலம் இது. அவ்வாறு பேசுவோர், இலாபத்தைச் சொல்லும் அதே குரலில் இழப்பையும் சொல்லுதல் வேண்டும். 2014இல் தோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் மாற்றகமும், 2022இல் எஃப்டிஎக்ஸ் நிறுவனமும் வீழ்ந்தபோது, தம் நாணயத்தைப் பிறர் பொறுப்பில் விட்டோர் தவித்தனர். மறைச்சாவியைத் தாமே வைத்திருப்பது நன்று. ஆனால் அதனைத் தொலைத்தால் மீட்டுத் தருவார் எவருமிலர். இவ்விரண்டையும் சொல்லாத பரிந்துரை அரை உண்மையே.

அறிந்துகொள்ளும் உரிமை, தன் பொருளைத் தானே காக்கும் உரிமை, வேண்டா எனும் உரிமை ஆகிய மூன்றும் பயனர்க்கு உரியவை. இவற்றுள் மூன்றாவதை மதியாதார் முன்னிரண்டைப் பேசுவதில் பொருளில்லை. மறுக்க இடமுள்ளபோது கிடைக்கும் இசைவே மெய்யான இசைவு. காசு எவ்வடிவில் வரினும், அதனை நீட்டும் கைக்கு நாணயம் வேண்டும்.