ஒரு வண்டி, எத்தனை தலை?

ஹெல்மெட் பற்றிய எந்த விவாதமும் கடைசியில் "என் தலை, என் இஷ்டம்" என்ற வாக்கியத்தில் வந்து நிற்கும். அலுவலக கேன்டீனில் கேட்டிருக்கிறேன், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டிருக்கிறேன், டிராஃபிக் போலீஸ் ரசீது கிழிக்கும்போது பக்கத்தில் நின்றும் கேட்டிருக்கிறேன். சொல்பவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அது சாதாரண வாக்கியம் இல்லை. அதற்குப் பின்னால் நல்ல தத்துவப் பரம்பரையே இருக்கிறது.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் வெளியிட்ட 'ஆன் லிபர்ட்டி' நூலின் மையமே ஏறக்குறைய இதுதான். வளர்ந்த ஒரு மனிதரை அவருடைய சொந்த நன்மைக்காக என்று சொல்லி அரசோ சமூகமோ கட்டாயப்படுத்தக் கூடாது. மற்றவர்களுக்குத் தீங்கு வரும் இடத்தில்தான் தடுக்கலாம். மில்லே ஒரு பாலத்தை உதாரணம் காட்டுகிறார். ஒரு பாலம் இடியும் நிலையில் இருக்கிறது, அது தெரியாமல் ஒருவர் அதில் ஏறப் போகிறார், எச்சரிக்க நேரமில்லை. அப்போது அவரைப் பிடித்து இழுக்கலாம், ஏனென்றால் ஆற்றில் விழ அவர் விரும்பவில்லை. ஆனால் ஆபத்து இருக்கலாம் என்ற அளவில்தான் தெரிகிறது, ஆளும் நிதானத்தில் இருக்கிறார் என்றால், எச்சரித்துவிட்டு விலகிவிட வேண்டும். ஏறுவதும் ஏறாததும் அவர் முடிவு.

இதன்படி பார்த்தால் ஹெல்மெட் போடாமல் போகிறவரை எச்சரித்துவிட்டு விட்டுவிடலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2000-ல் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. 21 வயது தாண்டியவர், குறைந்தபட்சம் 10,000 டாலர் மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால், ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாம். உன் தலை, உன் இஷ்டம், செலவு மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும் என்ற கணக்கு.

எனக்கு உறுத்துவது இந்த வாதத்தில் இருக்கும் ஒருமை. ஒரு வண்டி, ஒரு ஆள், ஒரு தலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம்மூர் சிக்னல் எதிலாவது நின்று பாருங்கள். ஸ்கூட்டரில் முன்னால் நின்றபடி ஐந்து வயதுப் பையன், ஓட்டுகிற அப்பா, பின்னால் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மா, அவர் மடியில் கைக்குழந்தை. நான்கு தலை, ஒரு ஹெல்மெட். பெரும்பாலும் அது அப்பாவின் தலையில் இருக்கும். "என் இஷ்டம்" என்பதில் வரும் அந்த 'என்' இங்கே யார்?

"பக்கத்துலதானே போறோம், மெதுவாத்தானே போறோம்" என்பார்கள். இன்ஜினியரிங் படித்த தோஷம், நான் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். வண்டி ஓடவே வேண்டாம். சுமார் 1.8 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு தலை நேராகத் தரைக்கு வந்தால், மோதும்போது வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 6 மீட்டர். வெறும் தலை, தார்ச்சாலை. நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூரத்துக்குள் நிற்க வேண்டுமானால் புவியீர்ப்பைப்போல் 600 மடங்குக்கு மேலான இழுப்பைத் தலை தாங்க வேண்டும். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கி 2 சென்டிமீட்டர் தூரம் கொடுத்தால் அதுவே 90 மடங்கு அளவுக்கு இறங்கிவிடும். ஹெல்மெட் செய்கிற முக்கியமான வேலை இதுதான். வெளி ஓடு உறுதியாக இருப்பதைவிட உள்ளே இருப்பது நசுங்குவதுதான் முக்கியம். நசுங்கிய தெர்மாகோல் பழையபடி எழும்பாது. அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றச் சொல்கிறார்கள்.

இந்தக் கணக்கில் வண்டியின் வேகம் வரவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருப்பவர் தலையும் ஓட்டுபவர் தலையும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில்தான் இருக்கின்றன. பின்னால் இருப்பவருக்கு ஹேண்டில்பார் பிடிப்பு இல்லை, பிரேக் எப்போது விழும் என்றும் தெரியாது. அவருக்கு ஆபத்து குறைவு என்று நினைக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஏன் ஒரு தலைக்கு மட்டும்? போலீஸ் முதலில் பார்ப்பது ஓட்டுபவரைத்தான் என்பது எளிய பதில். சிக்னலுக்கு நூறு மீட்டர் முன்னால் கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட் தலைக்கு ஏறும், தாண்டியதும் இறங்கிவிடும். இப்படி ஹெல்மெட் ஒரு நுழைவுச்சீட்டு ஆகிவிட்டது. நுழைவுச்சீட்டுக்குத் தரம் எதற்கு? ரோட்டோரத்தில் கிடைக்கும், உள்ளே ஸ்பாஞ்சு மட்டும் ஒட்டிய பிளாஸ்டிக் தொப்பி போதும். 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இருசக்கர ஹெல்மெட்டை விற்பதே குற்றம். இருந்தும் அந்தத் தொப்பிகளை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சட்டத்தின் எழுத்தில் குறை சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் என்கிறது. ஓட்டினாலும் சரி, பின்னால் உட்கார்ந்தாலும் சரி. டர்பன் கட்டிய சீக்கியர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் நடைமுறை விதிகளில் வேறொரு கணக்கு ஓடியிருக்கிறது. டெல்லியில் 2014 வரை பெண்களுக்கு ஹெல்மெட் கட்டாயமே இல்லை. வண்டி விற்கும்போது ஹெல்மெட் கொடுக்க வேண்டும் என்ற மத்திய விதி ஒன்று உண்டு, அதில் சொல்லியிருப்பது ஒரே ஒரு ஹெல்மெட். இரண்டாக மாற்றலாம் என்ற வரைவு வந்தது 2025-ல்தான். அதே விதித் தொகுப்பில், பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்கத் தடுப்பு வேண்டும் என்று பல காலமாக இருக்கிறது. நாம் சாரி கார்டு என்போமே, அது. ஆக, பின்னால் ஒருவர் உட்காருவார், சேலை கட்டியிருப்பார் என்பது வரை யோசித்தாகிவிட்டது. சேலைக்கு மேலே தலை இருப்பது மட்டும் விட்டுப்போய்விட்டது.

தஞ்சாவூரில் இருக்கும் என் அத்தைக்கு 60 வயது. மாமாவின் பைக்கில்தான் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போவார். "எனக்கு அதெல்லாம் வேணாம்ப்பா, மூச்சு முட்டுது" என்பது அவருடைய தீர்மானமான கருத்து. மாமாவும், "அவளுக்குப் பிடிக்காது, வற்புறுத்தினா எப்படி?" என்பார். மில் இருந்திருந்தால் மாமாவைப் பாராட்டியிருப்பாரோ என்னவோ. அந்த ஹெல்மெட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். மாமாவின் பழையது, அளவு 600. அத்தை போட்டால் புருவத்தைத் தாண்டி கண்ணை மறைக்கிறது. வியர்வை நாற்றம் வேறு. தையல் டேப்பை எடுத்து அத்தையின் தலையை அளந்தேன், 54 சென்டிமீட்டர். 540 அளவு தேடிப் போனால் இரண்டு கடைகளில், "அந்த சைஸ் யாரும் கேக்குறதில்ல சார்" என்றார்கள். மூன்றாவது கடையில் கிடைத்தது. அத்தை கொண்டையைக் கொஞ்சம் இறக்கிப் போட்டுக்கொண்டு மாட்டிப் பார்த்தார். "இது பரவால்ல, கண்ணு தெரியுது" என்றார்.

அத்தை அதுவரை மறுத்தது ஹெல்மெட்டை அல்ல, மாமாவின் ஹெல்மெட்டை. அவருக்குப் பொருந்துகிற ஒன்று கையில் கொடுக்கப்பட்டு, அதை அவர் வேண்டாம் என்றிருந்தால்தான் அது விருப்பம். கொடுக்காமலே "அவங்க இஷ்டம்" என்று சொல்வது மரியாதை மாதிரி தெரிகிற அலட்சியம். கொளுத்தும் வெயிலில் பத்து மணி நேரம் வண்டி ஓட்டும் டெலிவரி இளைஞர் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்துக்கொள்வதையும் அப்படித்தான் பார்க்கிறேன். காற்றோட்டமுள்ள நல்ல ஹெல்மெட்டின் விலையையும், அவருடைய ஒரு நாள் வருமானத்தையும், அடுத்த ஆர்டருக்கான நிமிடங்களையும் கணக்கில் எடுக்காமல் அவருடைய விருப்பத்தைப் பற்றிப் பேச முடியாது.

சரி, பொருத்தமான ஹெல்மெட் கிடைத்த பிறகும் ஒருவர் வேண்டாம் என்றால்? வெயில், கழுத்து வலி, முடி கொட்டுது. காரணங்கள் பொய்யல்ல, சென்னை மே மாதத்தில் ஹெல்மெட் போட்டவர்களுக்குத் தெரியும். அப்போது வற்புறுத்தலாமா?

இங்கேதான் மில்லின் பாலம் நம் வண்டிக்குப் பொருந்தாமல் போகிறது. அந்த உதாரணத்தில் தடுப்பவர் கரையில் நிற்கும் மூன்றாம் மனிதர், ஏறுபவர் தன் காலால் ஏறுகிறார். வண்டி ஓட்டுபவர் கரையில் நிற்கவில்லை. இன்னொருவரைத் தன்னோடு ஏற்றிக்கொண்டு பாலத்தில் போகிறவர் அவர்தான். எவ்வளவு வேகம், எந்த இடைவெளியில் புகுவது, எப்போது பிரேக் என்பதெல்லாம் அவர் கையில். விழுந்தால் அது பின்னால் இருப்பவர் தனக்குத் தானே செய்துகொண்ட தீங்கு ஆகாது. மில் சொல்லும் 'மற்றவருக்கு வரும் தீங்கு' கணக்கில்தான் அது வரும். அதனால் ஓட்டுபவருக்கு வற்புறுத்தும் உரிமை இருக்கிறதா என்ற கேள்வியே கொஞ்சம் இடம் மாறியது என்று நினைக்கிறேன். அவர் யாருடைய தலையிலும் எதையும் திணிக்க வேண்டியதில்லை. வண்டியை எடுக்காமல் இருக்கலாம். "நீங்க போட்டாதான் நான் எடுப்பேன்" என்பது அடுத்தவரின் சுதந்திரத்தில் கை வைப்பது ஆகாது. தன் கையால் நடக்கப்போவதற்குத் தான் பொறுப்பு ஏற்பது, அவ்வளவுதான். அவர் பஸ்ஸில் போகலாம், ஆட்டோவில் போகலாம், அதுவும் அவர் இஷ்டம்.

குழந்தைகள் விஷயத்தில் இந்த அளவு விவாதம்கூட இல்லை. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் ஹெல்மெட், ஓட்டுபவரோடு இணைக்கும் பெல்ட், மணிக்கு 40 கிலோமீட்டருக்குள் வேகம் என்று 2022-ல் விதி வந்திருக்கிறது. டேங்க் மேல் உட்கார்ந்து ஹாரன் அடிக்கும் குழந்தைக்கு எந்த இஷ்டமும் இல்லை. அது நம் இஷ்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

தனியாக, யாரையும் ஏற்றாமல், காலி ரோட்டில் போகிறவர் "என் தலை, என் இஷ்டம்" என்றால், நான் உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுத்து வாதாடத் தயார். அந்த வாதத்தில் நான் தோற்கவும் கூடும். பின் சீட்டில் ஒருவர் இருக்கும்போது அந்த வாக்கியத்தைச் சொல்கிறவரிடம் எனக்குக் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. அவருக்குப் பொருந்துகிற ஹெல்மெட் எங்கே?