இன்னும் பாடவில்லை

இரவு பத்து மணிக்கு மேல். ஒரே ஒரு விளக்கு.

அலமாரியில் ஆரஞ்சும் கறுப்புமாய் ஒரு முதுகு தெரிகிறது. இம்பல்ஸ் கம்பெனியின் தட்டு. உருவும்போது பக்கத்து உறையோடு உரசுகிறது. அட்டையின் சத்தம்.

ஜானி ஹார்ட்மன் பாடுகிறார். ஜான் கோல்ட்ரேன் டெனார் சாக்ஸஃபோன் வாசிக்கிறார். 1963 மார்ச் 7. ஒரே நாள். ஆறு பாட்டு. 31 நிமிடம்.

*

ஊசி தொடுகிறது.

முதலில் பாட்டு இல்லை. தூசி பொரிகிறது. அடுத்த வீட்டில் யாரோ கடுகு தாளிப்பது போல.

பிறகு குரல்.

வெகு நேரமாய் அறையில் உட்கார்ந்திருந்த ஒருவர், இப்போதுதான் வாய் திறக்கிறார்.

*

பாரிடோன். அடிக்குரல். காதுக்கு முன்னால் நெஞ்செலும்பு கேட்டுவிடுகிறது.

உள்ளங்கையை மார்பில் வைத்துப் பார்க்கிறேன். என்னுடைய மூச்சும் அங்கே போய்வருகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் இல்லை. இருக்கட்டும்.

*

1925க்கு முன்பு பாடகர் ஒரு பெரிய புனலுக்குள் உரக்கப் பாட வேண்டும். அந்தச் சத்தத்தின் பலத்தில்தான் ஊசி மெழுகில் கோடு கிழிக்கும். மெல்லிய குரலுக்கு மெழுகில் இடம் இல்லை.

பிறகு மின்சார ஒலிப்பதிவு. மைக்.

தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் அளவுக்குக் குரலைத் தணித்துக்கொண்டு, ஊருக்கே பாட முடிகிறது. அப்படிப் பாடியவர்களைக் குரூனர் என்றார்கள். பிங் கிராஸ்பி. சினாட்ரா. நாட் கிங் கோல். அந்த வரிசையில், சற்றுத் தள்ளி, வெளிச்சம் அதிகம் படாத இடத்தில் ஹார்ட்மன்.

மைக்கை நெருங்க நெருங்க அடிக்குரல் தடிக்கும். அதற்காக அவர் மேலும் நெருங்குவதாகத் தெரியவில்லை. நிற்கும் இடத்திலேயே நிற்கிறார்.

*

'ம்' என்று முடியும் ஒரு சொல்.

உதடுகள் மூடுகின்றன. குரல் உள்ளே இன்னும் ஒரு கணம் இருக்கிறது. பிறகு மூக்கின் வழியாக வெளியேறுகிறது. அவசரமே இல்லை. இந்த ஒரு கணத்துக்காக ஊசியைப் பின்னால் எடுத்து வைக்கிறேன். மறுபடி உதடுகள் மூடுகின்றன.

*

நியூ ஜெர்சியில் எங்கிள்வுட் கிளிஃப்ஸ். ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோ. இந்தத் தட்டு பதிவான இடம். 1959இல் கட்டியது. உயரமான மரக்கூரை.

அதற்கு முன் ஹாக்கன்சாக்கில், பெற்றோர் வீட்டு வரவேற்பறையில்தான் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார். கண் பரிசோதனை அவருடைய பிழைப்பு. இரவிலும் ஓய்வு நாளிலும் இசை. கருவிகளைத் தொடும்போது கையுறை போட்டுக்கொள்வார்.

கையுறை போட்ட ஒரு கை, மெதுவாய், ஒரு குமிழைத் திருப்புகிறது. அதையும் கேட்க முடிகிறதா என்று காது தேடுகிறது.

*

எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸில் பிரஷ் போடுகிறார். தோலின் மேல் கம்பிகள் வட்டமாய்ப் போகின்றன. யாரோ வெறும் தரையைப் பெருக்குகிறார்கள். குப்பை இல்லை, ஆனாலும் பெருக்குகிறார்கள்.

மெக்காய் டைனரின் பியானோ. ஜிம்மி காரிஸனின் பேஸ். தடித்த தந்தி விரலை விட்டு விலகுகிறது. அதிர்வு இருக்கும்போதே அடுத்த சுரம்.

*

கோல்ட்ரேன் வேகமாய் வாசிப்பவர். விடாமல், மூச்சு முட்டும்வரை வாசிப்பவர். 1961இல் அவருடைய இசை ஜாஸுக்கே எதிரானது என்று பத்திரிகையில் எழுதினார்கள்.

இங்கே மெட்டை ஒட்டியே வாசிக்கிறார். மெட்டுக்கு வெளியே காலை வைக்கிறார். திரும்ப எடுத்துக்கொள்கிறார்.

அடக்கிக்கொள்கிறார் என்று முதலில் தோன்றுகிறது. கேட்கக் கேட்க அப்படித் தோன்றவில்லை. இதுவும் அவருடைய முழு மூச்சுதான்.

*

முதல் பக்கம், மூன்றாவது பாட்டு. மை ஒன் அண்ட் ஒன்லி லவ்.

சாக்ஸஃபோன் தொடங்குகிறது. மெட்டை முழுக்க, முதலிலிருந்து கடைசி வரை வாசிக்கிறது.

ஒரு நிமிடம் ஆகிறது. பாடகர் இல்லை.

இரண்டு நிமிடம் ஆகிறது. பாடகர் இல்லை.

தட்டின் உறையில் அவருடைய பெயர் இருக்கிறது. பாட்டின் பாதி நேரம் போகிறது. அவர் அந்த அறையில்தான் எங்கோ நிற்கிறார். மைக்குக்கு முன்னால். கை எங்கே இருக்கிறது? சட்டைப் பையிலா, காதின் மேலா? கண் மூடியிருக்கிறதா? தெரியாது. தெரியாததைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்டுக்கொண்டே நிற்கும் இரண்டு நிமிடம். அந்த நிற்றலும் நாடாவில் பதிந்திருக்கிறது. சாக்ஸஃபோனுக்குப் பின்னால் அது இருக்கிறது. கேட்கிறது என்றே நினைக்கிறேன்.

பிறகு பாடுகிறார். சாக்ஸஃபோன் சொன்னதையே சொல்கிறார். இப்போது அதற்குச் சொற்கள் இருக்கின்றன.

*

நாளைக்குக் கரண்ட் பில் கட்ட வேண்டும்.

எண்ணம் வருகிறது. உட்கார்கிறது. பிரஷ் ஒரு சுற்று போகிறது. எண்ணம் எழுந்துபோகிறது.

*

பக்கம் மாற்ற வேண்டும். எழுகிறேன். முழங்கால் லேசாய்ச் சொடுக்குகிறது.

இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டு. விரல் பள்ளத்தில் படாமல், விளிம்பிலும் நடுச் சீட்டிலும் மட்டும். விளக்குக்கு நேரே சாய்க்கும்போது வெளிச்சம் ஒரு கோடாய் ஓடுகிறது. பாட்டு முடியும் இடத்தில் பள்ளமில்லாத ஒரு வளையம். பழைய பிரதிகளில் அங்கே வான் கெல்டரின் பெயர் சின்னதாய்ப் பொறித்திருக்கும். சாய்த்தால் தெரியும். நேராய்ப் பிடித்தால் மறையும்.

சாய்க்கிறேன். நேராய்ப் பிடிக்கிறேன்.

*

இரண்டாம் பக்கம், முதல் பாட்டு. லஷ் லைஃப்.

ஸ்டுடியோவுக்குப் போகிற வழியில், காரில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறதாம். நாட் கிங் கோல் பாடிய லஷ் லைஃப். இதையும் பாட வேண்டும் என்கிறாராம் ஹார்ட்மன். அதுவரை பட்டியலில் அந்தப் பாட்டு இல்லை.

ஒரு கார். ஒரு ரேடியோ. சற்று முன்னால் கிளம்பியிருந்தால்?

கேள்வி நிற்கிறது. பியானோ தொடங்கிவிட்டது.

*

முதல் பகுதிக்குத் தாளக்கட்டு இல்லை. விருத்தம் பாடுவது போல. சொல்லின் பின்னால் பியானோ வருகிறது. சொல் நின்றால் அதுவும் நிற்கிறது.

வழுக்கும் மெட்டு. எங்கே கால் வைத்தாலும் அடுத்த படி எதிர்பார்த்த இடத்தில் இல்லை. சினாட்ரா 1958இல் இதைப் பாடிப் பார்க்கிறார். பாதியில் விட்டுவிடுகிறார்.

ஹார்ட்மன் படியைத் தேடுவதில்லை. பேசுவது போல இறங்குகிறார். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நிற்கிறார்.

*

எழுதியவர் பில்லி ஸ்ட்ரேஹார்ன். தொடங்கும்போது இருபது வயது ஆகவில்லை. பிட்ஸ்பர்க்கில் ஒரு மருந்துக் கடையில் வேலை.

வாழ்ந்து சலித்த ஒருவரின் பாட்டு. மதுக்கடையின் பின்மாலை. பாரிஸ் பற்றிய ஓர் ஏக்கம். அந்தப் பையன் பாரிஸைப் பார்த்ததில்லை.

வராத களைப்பை முன்கூட்டியே எழுதிவைக்கிறான். பாடுகிறவருக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. களைப்பு வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் குரலில் புகார் இல்லை.

1967 மே மாதம் ஸ்ட்ரேஹார்ன் இறக்கிறார். ஜூலையில் கோல்ட்ரேன். வயது நாற்பது.

*

தண்ணீர் குடிக்கிறேன். டம்ளரை மேஜையில் வைக்கும் சத்தம், பேஸ் தந்தியோடு ஒரு கணம் சேர்ந்துகொள்கிறது.

*

மார்ச் 7க்கு முந்தைய நாள். மார்ச் 6.

இதே அறை, இதே நால்வர். பாடகர் மட்டும் இல்லை. அன்று வாசித்தது அப்போது தனித் தட்டாக வரவில்லை. கோல்ட்ரேனின் முதல் மனைவி நைமாவின் குடும்பத்தாரிடம் ஒரு நாடா கிடக்கிறது. 2018இல் வெளியே வருகிறது.

ஐம்பத்தைந்து வருடம் ஒரு பெட்டிக்குள் இருந்த சத்தம்.

1963 நவம்பர். அதே நால்வர், அதே கூரை. செப்டம்பரில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஒரு தேவாலயத்தில் குண்டு வைக்கிறார்கள். நான்கு சிறுமிகள் இறக்கிறார்கள். அலபாமா என்ற பெயரில் கோல்ட்ரேன் வாசிக்கிறார்.

மார்ச் மாதத்து மரக்கூரைக்கு இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறேன். காதல் பாட்டு மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது.

*

நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சொச்சம் சுற்று. இரண்டு பக்கமும் சேர்த்தால் ஆயிரத்துக்குச் சற்று மேல்.

எண்ணத் தொடங்குகிறேன். பதினேழில் மறந்துபோகிறது.

*

1980இல் ஹார்ட்மன் ஒரு தட்டு பாடுகிறார். 1983இல் இறக்கிறார். 1995இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் தன் படத்தில் அந்தத் தட்டிலிருந்து பாட்டுகளை எடுத்து வைக்கிறார். தி பிரிட்ஜஸ் ஆஃப் மேடிசன் கவுண்டி. படம் பார்த்தவர்கள் இது யார் குரல் என்று தேடிப்போகிறார்கள்.

அவர் இல்லை. பன்னிரண்டு வருடமாய் இல்லை.

இதை நினைக்கும்போது தொண்டையில் ஏதோ அடைக்கிறது. அடைக்கட்டும். விழுங்கவில்லை.

*

கடைசிப் பாட்டு. ஆட்டம் செரினேட். இலையுதிர் காலம் பற்றியது.

இது சற்று வேறு நடை. எல்வின் ஜோன்ஸின் கைகள் இடம் மாறுகின்றன. ஜன்னல் திரை அசைகிறது. பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

குரல் முடிகிறது. சாக்ஸஃபோன் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதுவும் போகிறது.

தாளிப்புச் சத்தம் மட்டும்.

*

விளக்கை அணைக்கிறேன். தட்டை இருட்டிலேயே திருப்புகிறேன். விரலுக்கு விளிம்பு தெரிகிறது.

ஊசியை மூன்றாவது பாட்டில் வைக்கிறேன். கொஞ்சம் தள்ளி விழுகிறது. சாக்ஸஃபோன் மெட்டின் நடுவில் இருக்கிறது.

மைக்குக்கு முன்னால் அவர் நிற்கிறார்.