வெட்கமும் சாட்சியமும்

மலஜலம் கழிப்பதைப் பற்றிச் சங்க ஏட்டில் எழுதுவதா என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கக் கூடும். நம் மார்க்கச் சட்ட நூல்களைத் திறந்தால் முதற்பாடமே அதுதான். சுத்தத்தின் பாடத்தைக் கடக்காமல் தொழுகையின் பாடத்துக்கு எவரும் போனதில்லை. பத்து வயதில் மதறஸாவில் கூச்சமின்றி ஓதிய விஷயத்தை எழுபது வயதில் வாய் திறந்து சொல்ல நாணுகிறோம். அந்த நாணம் எதுவரை தகும் என்பதே இங்கு ஆராயப் புகுந்த கேள்வி.

கேள்வி எழும் இடத்தை முதலில் சொல்லிவிடுவோம். சிங்கப்பூரில் 2002ஆம் ஆண்டு எல்டர்ஷீல்டு என்னும் காப்புறுதித் திட்டம் வந்தது. 2020 அக்டோபரில் கேர்ஷீல்டு லைஃப் தொடங்கியது. முன்னதில் மாதம் 300 வெள்ளி ஐந்தாண்டுகள் வரை, 2007க்குப் பின்வந்த ஏற்பாட்டில் 400 வெள்ளி ஆறாண்டுகள் வரை. பின்னது 2020ல் மாதம் 600 வெள்ளி என்று ஆரம்பித்தது. கடும் உடற்குறை நீடிக்கும் வரை ஆயுள் முழுதும் கிடைப்பது. நம் வியாபாரப் பெருமக்களில் சிலர் இதைச் சர்க்கார் போடும் தர்மம் என்று எண்ணி, "நமக்கு வேண்டாம், இல்லாதவன் வாங்கட்டும்" என்கிறார்கள். கௌரவமான பேச்சுத்தான்; கணக்கு மட்டும் தவறு. மெடிசேவ் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் சந்தா கழிந்திருக்கிறது. கொடுத்து வைத்ததைக் கேட்பது யாசகமாகாது.

பணம் பெறுவதற்கு ஒரு மதிப்பீடு உண்டு. சுகாதார அமைச்சு அங்கீகரித்த மதிப்பீட்டாளர் ஆறு காரியங்களைப் பார்க்கிறார்: குளித்துக் கழுவிக் கொள்ளுதல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறைக் காரியம், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல். இவற்றில் மூன்றையேனும் பிறர் கைத்துணை இல்லாமல் செய்ய இயலாதவரே கடும் உடற்குறை உடையவர். துணை என்பது, காரியம் தொடங்கி முடியும் வரை இன்னொருவர் கை வேண்டும் என்ற அர்த்தத்தில்.

நான்காவதாக நிற்கும் கழிவறைக் காரியத்தைச் சற்று உற்று நோக்க வேண்டும். 1963ல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட அளவுகோலிலும் ஆறு காரியங்களே. ஆனால் அதில் கழிவறைக்குப் போய்வருவது ஓர் இனம். சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் சக்தி வேறோர் இனம். சிங்கப்பூர்ப் பட்டியலில் அடக்கும் சக்திக்குத் தனி இடம் இல்லை. நடமாட்டம் தனியே நிற்கிறது. கழிவறையைப் பயன்படுத்த முடியுமா, அல்லது டயப்பர் முதலியவற்றின் உதவியோடு சமாளிக்க முடியுமா என்று இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்கள். ஆகவே ஓயாமல் சொட்டுகிற ஒருவர், தாமே டயப்பரை மாற்றிச் சுத்தம் செய்து கொள்வாராயின், இந்தக் கணக்கில் இயன்றவரே. அவர் படும் துன்பத்தை அளவுகோல் அளக்கவில்லை. பிறர் கை தேவையா என்பதைத்தான் அளக்கிறது.

இதை அநியாயம் என்று உடனே சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. பராமரிப்புக்கென்று சேர்த்த பொதுப் பணத்தைப் பராமரிக்கும் கையின் தேவையைக் கொண்டு பங்கிடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆயினும் ஆறில் ஒன்று என்ற எண்ணிக்கை, வீட்டிலுள்ளவர்கள் இரவில் மூன்று முறை எழுவதையும் படுக்கை விரிப்பைத் துவைப்பதையும் ஒரு புள்ளியாகச் சுருக்கிவிடுகிறது என்பதும் மெய்.

நம் ஃபுகஹாக்களும் இதே விஷயத்தை அளந்திருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில், ஒரு பர்ளுத் தொழுகையின் வக்து முழுவதும், ஒளுச் செய்து தொழுது முடிக்கும் அளவுக்குக்கூட இடைவெளி இல்லாமல் ஒருவருக்குச் சிறுநீர் சொட்டினால் அவர் 'மஃதூர்', அதாவது சலுகைக்குரியவர். பிறகு ஒவ்வொரு வக்திலும் ஒரு முறையேனும் அது காணப்படும் வரை சலுகை நீடிக்கும். ஒரு வக்து முழுதும் காணப்படாவிட்டால் சலுகையும் நீங்கும். ஷாபியீ மத்ஹபில், வக்து வந்தபின் கழுவி, கட்டி, ஒளுச் செய்து, தாமதமின்றித் தொழ வேண்டும். ஒவ்வொரு பர்ளுக்கும் அப்படியே. எத்தனை நுட்பமான மதிப்பீடு! ஆனால் இதற்குச் சாட்சி கேட்பார் இல்லை. அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே உள்ள காரியத்தில் அவனவன் சொல்லே போதும்.

பிறருடைய பணம் சம்பந்தப்பட்டதும் அது ஹக்குல் இபாத் ஆகிவிடுகிறது. அங்கே சாட்சியம் வேண்டும். சாட்சி சொல்பவன் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

கூட்டுவது பாவம் என்று நாம் அறிவோம். குறைப்பதைப் பாவமென்றே நாம் நினைப்பதில்லை. மதிப்பீட்டாளர் வந்து கேட்கும்போது தகப்பனார், மருமகள் நிற்பதைப் பார்த்து, "நானே போய்க் கொள்வேன்" என்கிறார். மகனும் தலையசைக்கிறார். வந்தவர் அப்படியே எழுதிக் கொண்டு போகிறார். கடையில் ஒரு கட்டி எடை குறைந்தாலும் மறுமையை அஞ்சுகிற மகன், வீட்டில் தந்தையின் ஹக்கைக் குறைத்து நிறுத்துக் கொடுத்திருக்கிறார். அதற்கு மரியாதை என்று பெயரிட்டுக் கொண்டால் எடை கூடிவிடாது. அன்ஸாரிப் பெண்மணி உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள், உண்மை விஷயத்தில் அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று முன்னுரைத்துத்தான், குளிப்புக் கடமையாவது பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அவர்கள் நாணத்தை இழந்தார்கள் என்று யாரும் சொன்னதில்லை.

தந்தையின் நாணத்தையும் மிதிக்க வேண்டியதில்லை. மருமகளும் பேரப்பிள்ளைகளும் வேறு அறைக்குப் போகலாம். அவர் கேளாத இடத்தில் மதிப்பீட்டாளரிடம் மகன் பேசலாம். பெற்றோரை நோக்கிச் 'சீ' என்பதும் ஆகாது என்ற திருமறைக் கட்டளைக்கு, முதுமையில் அவர்கள் அசுத்தப்படுத்தும்போது அருவருக்கலாகாது, குழந்தையில் உன்னிடம் அவர்கள் அருவருக்கவில்லையே என்று முஜாஹித் அவர்கள் விளக்கம் சொன்னதாகத் தஃப்ஸீர்களில் காண்கிறோம். அருவருப்பில்லாத நாவுக்கு இதைச் சொல்வதும் எளிது.

இனி, கடினமான இடம். மறதி நோயுற்ற ஒருவர் நன்றாக நடக்கிறார், உண்கிறார். ஆனால் இருந்த இடத்திலேயே அசுத்தப்படுத்திவிடுகிறார். ஆறில் ஒன்றுதானே, உண்ணவும் முடியாது என்று ஒரு பொய் சேர்த்தால் என்ன என்று குடும்பத்தார் யோசிக்கலாம். ஆகாது. அது அதே சந்தாக்காரர்களின் பெட்டியிலிருந்து எடுப்பது. ஆனால் பொய்க்குப் போகுமுன் மெய்யை முழுதும் எண்ணிப் பார்த்தார்களா? அசுத்தமானபின் அவரைக் கழுவிவிடுவது யார்? கைலியை அவிழ்த்து வேறு கட்டிவிடுவது யார்? அவர் தாமாகக் குளிக்கிறாரா, உடுத்துகிறாரா? இவற்றுக்கும் தொடக்கம் முதல் முடிவு வரை இன்னொருவர் கை வேண்டுமாயின், குளித்தலும் உடுத்துதலும் பட்டியலில் தனித்தனி இனங்கள். பொய் சொல்லாமலே மூன்று ஆகலாம். ஆகாவிட்டால், இப்போதைக்கு இல்லை என்று ஏற்றுக் கொண்டு, நிலை முற்றும்போது மீண்டும் மனுச் செய்வதே வழி.

ஒன்று கவனிக்க வேண்டும். காலை எட்டு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் நம்மவர்க்குத் தந்தையின் பகற்பொழுது தெரியாது. தெரிந்தவர் வீட்டம்மா, பல வீடுகளில் பணிப்பெண். எத்தனை முறை மாற்றினாள், எப்போதெல்லாம் தூக்கிவிட்டாள் என்பதை ஒரு வாரம் சிட்டாவில் எழுதி வைக்கச் சொல்லலாம். மதிப்பீட்டாளர் வரும் நாளில் அவளையும் கூப்பிட்டு நிறுத்தி, கேட்கிற கேள்விக்கு அவள் வாயாலேயே பதில் சொல்ல விட வேண்டும்.